கீழ்ப்பக்கம் வைத்த சைப்ரஸ் வேலி

நீங்கள் அனுப்பிய செடிப் பட்டியலைப் பார்த்தேன். மலை ஊரில் நீச்சல் குளத்தைச் சுற்றி வைப்பதற்கு ஒவ்வொரு செடிக்கும் படம் போட்டு, குளிர் தாங்குமா என்று பக்கத்தில் டிக் அடித்து, பார்க்கவே லட்சணமாக இருக்கிறது. இலையைக் கொட்டித் தண்ணீரைக் குப்பையாக்கும் மரம் ஒன்றும் இல்லை. வேர் போய்ச் சுவரைப் பிளக்கிற வகையும் இல்லை. முள் இல்லை. நான் இன்னும் வேலையில் இருந்திருந்தால் இதே பட்டியலைத்தான் கொடுத்திருப்பேன். அதனால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

திட்டுவதற்காக எழுதவில்லை. என் வாய் எப்படிப்பட்டது என்று நம் தோட்டம் போடும் ஆபீசில் உங்களுக்கு முன்பிருந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். மன்னார்புரத்தில் நான் கத்தினால் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்காரருக்குக் கேட்கும் என்று கேலி செய்வார்கள். இன்று அந்த வாயைக் கட்டிவைத்துவிட்டு, நானே மூக்குடைபட்ட ஒரு கதையைச் சொல்கிறேன். படித்துவிட்டுப் பட்டியலை நீங்களே இன்னொரு தடவை பாருங்கள்.

முதலில் ஒன்று. நாம் திருச்சிக்காரர்கள். நமக்குத் தோட்டம் என்றால் நிழல். சித்திரை மாதத்து மத்தியானத்தில் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, பத்தடி பின்னால் இருந்தாலும் வேப்பமரத்தடியிலேயே நிற்கிற ஜனங்கள் நாம். கஸ்டமர் வாயைத் திறப்பதற்கு முன்பே மேற்கு எது என்று பார்த்து அந்தப் பக்கம் மரத்தை வைத்துவிடுவோம். இத்தனை வருஷமும் நான் விற்றது நிழலைத்தான். அந்தப் பழக்கத்தோடுதான் மலைக்குப் போனேன்.

ரெஜினா டீச்சர் எங்கள் ஆபீசுக்கு வந்தது ஒரு புரட்டாசி மாதம். பாலக்கரைக்காரர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்காரும்போதே கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய வீட்டுக்காரர் ஆரோக்கியம் சாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டுவிட்டன. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். ஆனால் புத்தி தெளிவு, காதும் நன்றாகக் கேட்கும்.

"பாலக்கரை வீடு மாடி மேடம். படிக்கட்டு அவ்ளோ குறுகல். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா நாலு பேரு நாற்காலியோட தூக்கணும். தூக்கும்போது அவரு கண்ண மூடிக்கிறாரு. எனக்கு அதப் பாக்க முடியல" என்றார்.

கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் அவர்களுடைய மகளும் மருமகனும் விருந்தினர் விடுதி நடத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தரைத்தளம். வெயிலில் தண்ணீரைச் சூடாக்கி விடுகிற சின்னக் குளம் ஒன்றும் கட்டி முடித்திருந்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் அரைமணி நேரம் நிற்கவைத்தால் கால் பிடித்துக்கொள்ளும், ஆனால் இந்த மாதங்களை விட்டுவிட்டால் அப்புறம் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளூரில் பிசியோதெரபி செய்கிற ஒரு தம்பியும் கிடைத்துவிட்டான். குளத்தைச் சுற்றி மண்மேடாகக் கிடக்கும் இடத்தைத் தோட்டமாக்கித் தர வேண்டும். அதுதான் வேலை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும் மேடம்" என்று டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க கீழ்ப்பக்கம் ஒரு ரோடு போகுது. காட்டு வேலைக்குப் போறவங்க, ஸ்கூல் பசங்க எல்லாம் அதுலதான் போவாங்க. அவங்க கண்ணுல இவர் படக் கூடாது. ரெண்டு பேரு கக்கத்துல கையக் கொடுத்து இறக்குற மாதிரி ஆயிட்டாரு. எப்படி இருந்த மனுஷன் தெரியுமா?"

எப்படி இருந்த மனிதர் என்று அவரே சொன்னார். ஆரோக்கியம் சார் ஆற்றுப் பாசனத்தில் இன்ஜினியராக இருந்தவர். முக்கொம்பில் தண்ணீர் ஏறும்போது மதகுக் கதவான ஷட்டரை எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடுவது என்று அவர் வாயிலிருந்து வருவதற்காக ஜீப்பைச் சுற்றி ஆட்கள் காத்து நிற்பார்களாம். ஷட்டர் என்றால் அவர், அவர் என்றால் ஷட்டர். சொல்லும்போதே டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு ஈ காக்கா பாக்க முடியாம பண்ணித் தரேன் டீச்சர், கவலப்படாதீங்க" என்று வாக்குக் கொடுத்தேன். நம் தொழிலில் வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் இடத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மேலே போனேன். இடம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவு. மேலே வீடு, நடுவில் குளம், கீழே வேலியில்லாத எல்லை, அதற்கும் கீழே ரோடு. நல்ல மழை. அதற்குள் மலைக்குக் குடிவந்துவிட்ட ஆரோக்கியம் சார் வராந்தாவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளூர் மேஸ்திரியிடம் கீழ் எல்லையைக் காட்டி, ஏழடி உயரச் சைப்ரஸ் மரங்களை இலையோடு இலை ஒட்டும்படி தரையிலிருந்தே சுவர்போல நெருக்கி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். காற்றும் வராது, கண்ணும் படாது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்குப் பெருமை வேறு.

சார் இடது கையைத் தூக்கினார். "அது... வேணாம்."

"எது சார்?"

"கீழ... அடைக்க வேணாம். குளிரு... போகணும்."

நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்துகொண்டு, "குளிர் உள்ள வரக் கூடாதுன்னுதான் சார் வேலி வைக்கிறோம்! நல்லா கதகதன்னு இருக்கும்! பாருங்க!" என்று சத்தமாகச் சொன்னேன். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் பேசுகிற மாதிரி. காது நன்றாகக் கேட்கிற மனிதரிடம் எதற்கு அப்படிக் கத்தினேன் என்று இன்று நினைத்தாலும் கூசுகிறது. அவர் தூக்கிய கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

செடிகள் விஷயத்தில் நான் குறை வைக்கவில்லை. கொள்ளிடக்கரை நர்சரியில் வளர்த்த நம் ஊர்ச் செடி ஒன்றைக்கூட மேலே ஏற்றவில்லை. எல்லாம் மலையில் பதியம் போட்டு வளர்ந்தவை. தண்ணீர் ஓரத்தில் நீலப் பூ பூக்கிற அகபாந்தஸ், அதற்குப் பின்னால் கொத்துக் கொத்தாகப் பூக்கிற ஹைட்ரேஞ்சா. ரோஸ்மேரிக்குத் தேனீ வரும் என்பதால் படியிலிருந்து தள்ளி. படியின் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, அதன் ஓரத்தில் கை பட்டால் கீறாத மெத்தென்ற பெரணிகள். ஒரு மனிதர் தடுமாறிச் சாய்ந்தால் எந்தச் செடியின்மேல் சாய்வார் என்று நினைத்துப் பார்த்து வைத்தேன். அதை இப்போதும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வேன்.

கார்த்திகை மாதம் முழுக்க டீச்சர் போன் செய்துகொண்டே இருந்தார். "இன்னைக்குக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு மேடம்." "இன்னைக்கு அஞ்சு எட்டு வச்சாரு, தண்ணிக்குள்ள. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன், உங்களுக்கும் சேத்து." எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்கழியில் ஒரு காலை ஏழு மணிக்குப் போன். காவிரிப் பக்கம் நடந்துவிட்டு வந்து காபி டம்ளரைக் கையில் எடுத்திருந்தேன்.

"மேடம், எல்லாம் வெள்ளையா கெடக்கு" என்றார் டீச்சர். "உறைபனி. நாலு நாளா இப்படித்தான். குளத்தச் சுத்திப் பதிச்ச கல்லு மேல கண்ணாடியா உறைஞ்சிருக்கு. பதினோரு மணி வரைக்கும் காயல. நேத்து பிசியோ தம்பி வழுக்கி விழுந்துட்டான். நல்லவேளை, இவர் கையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி. இந்தத் தரையில சாரை நடத்த மாட்டேன்னு சொல்லிட்டான். அவனுக்குக் காலைல ஒம்பது மணிதான் தோது, அப்புறம் வேற ஊருக்குப் போயிடுவான். இவரு கால் திரும்ப இறுகுது மேடம். பேசாம பாலக்கரைக்கே கூட்டிட்டுப் போயிடுங்கன்னு மாப்பிள்ள சனிக்கிழமைக்கு வேன் சொல்லிட்டாரு."

பாலக்கரை என்றால் அந்தக் குறுகல் படிக்கட்டு. ஒரு தடவை மேலே தூக்கிவிட்டால் அப்புறம் அவர் கட்டிலோடுதான். அன்று செவ்வாய்க்கிழமை. காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் ஐயோ என்றிருந்தது. ஹைட்ரேஞ்சா கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்த கீரையாகக் கறுத்துத் தொங்கியது. அகபாந்தஸ் கூழாகிவிட்டது. வழக்கம்போல நான் கத்த ஆரம்பித்தேன். செடி கொடுத்தவன் ஏமாற்றிவிட்டான் என்றேன். கல் பதித்தவனுக்கு வேலை தெரியாது என்றேன். இந்த வருஷம் பனி அதிகம் என்று ஆகாயத்தையும் விடவில்லை. மேஸ்திரி வேலிக்கு அந்தப் பக்கம் ரோட்டோரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மேடம், அங்க புல்லெல்லாம் பச்சையா இருக்கு" என்றார். நம்பாமல் நானும் போனேன். ஆமாம். வேலிக்குக் கீழே பனி விழுந்த அடையாளமே இல்லை. மேலே வீட்டு வாசலிலும் அவ்வளவாக இல்லை. நடுவில் குளத்தைச் சுற்றி, நான் தோட்டம் போட்ட இடத்தில் மட்டும்தான் மொத்தப் பனியும் படிந்து கருக்கியிருந்தது.

மறுநாள் விடியும்போது எழுந்து வந்தால், ஆரோக்கியம் சார் எனக்கு முன்பே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தினமும் அங்கேதான் உட்காருவாராம். வேறு என்ன செய்வார்? பக்கத்து நாற்காலியைக் கண்ணால் காட்டினார். உட்கார்ந்தேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

"பாருங்க" என்றார்.

வெளிச்சம் மெல்ல வந்துகொண்டிருந்தது. மேல் சரிவிலிருந்து மூட்டம் மெல்லிசாக, தரையோடு தரையாக இறங்கியது. வீட்டைச் சுற்றிக்கொண்டு புல்வெளியில் வழிந்தது. குளத்தைத் தாண்டிப் போய் வேலியைத் தொட்டது. அங்கே நின்றுவிட்டது. பின்னாலிருந்து வர வர, அங்குலம் அங்குலமாக மேலே ஏறியது. முதலில் அகபாந்தஸ் மறைந்தது, அப்புறம் படி, அப்புறம் கைப்பிடிக் கம்பி.

"தேங்குது" என்றார் சார். "நீங்க... ஷட்டர் போட்டுட்டீங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம். காற்றாடாத ராத்திரியில் அது தண்ணீரைப் போலவே பள்ளம் பார்த்து ஓடும். போகிற வழியைச் சரிவின் அடியில் குறுக்கே அடைத்தால் அங்கேயே தேங்கும். தேங்கிய இடத்தில் உறையும். அதோடு போகவில்லை. கிழக்கே ஏழடிச் சுவராக வேலி நின்றதால் காலை வெயிலும் கல்லில் விழவில்லை. இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்து, ஆண்டுதோறும் மதகைத் திறப்பதும் மூடுவதும் பார்த்தவள் நான். இந்த மனிதர் முதல் நாளே நாலைந்து வார்த்தையில் சொன்னார். நான் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிப் பேசிவிட்டுப் போனேன்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றேன். அவர் இடது கையால் காற்றைத் தள்ளிக் காட்டினார். அதெல்லாம் இருக்கட்டும், வெட்டு என்று அர்த்தம்.

டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேற எத வேணாலும் வெட்டுங்க மேடம், அத மட்டும் தொடாதீங்க. ஈ காக்கா பாக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்று கேட்டார். சொன்னேன்தான். என்ன செய்வது? கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும், என் மானத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு அரைகுறை வேலை செய்தேன். வேலியின் அடியில் மட்டும் இரண்டடிக்குக் கிளைகளைக் கழித்து, காற்று போக வழிவிட்டேன். மேலே மறைப்பு அப்படியே இருந்தது. டீச்சருக்கு நிம்மதி. எனக்கும்தான்.

வியாழக்கிழமை காலை பார்த்தால் பனி குறைந்திருந்தது. ஆனால் வேலியின் நிழல் குளத்தின்மேல் அப்படியே கிடந்தது. ஒன்பது மணிக்குப் பிசியோ தம்பி வந்து, கல்லில் செருப்பைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, இன்னும் வழுக்குது. என்னால முடியாது" என்று திரும்பிப் போய்விட்டான். அவன்மேல் தப்பில்லை. என் அரைகுறை வேலையால் ஒரு நாள் போனது. இனி வெள்ளி ஒன்றுதான் மிச்சம். பிள்ளைகளே, தப்பு நம்முடையது என்று தெரிந்த பிறகு அதைப் பாதி மட்டும் திருத்துகிற புத்தி வரும். யாருக்கும் மனம் நோகாமல் முடித்துவிடலாம் என்று தோன்றும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மீதிப் பாதியை வாடிக்கையாளர்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

நேராகச் சமையலறைக்குப் போனேன். டீச்சர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் கொடுத்த வாக்க என்னால காப்பாத்த முடியாது. வேலி இருந்தா சார் தண்ணியில இறங்க முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்."

"நாலு பேரு நின்னு வேடிக்கை பாப்பாங்க மேடம். ஐயோ பாவம்னு சொல்லுவாங்க. அத அவரு காதால கேக்கணுமா?"

முன் அறையிலிருந்து சாரின் குரல் வந்தது. "ரெஜினா... வெட்டட்டும்."

டீச்சர் பூண்டைப் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மேஸ்திரியிடமிருந்து ரம்பத்தை வாங்கி முதல் மரத்தை நானே அறுத்தேன். ஆசை ஆசையாகப் பொறுக்கி எடுத்து வைத்த மரங்கள், ஒவ்வொன்றும் நல்ல மரம். சாயங்காலத்துக்குள் கீழ்ப்பக்கம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றும் இல்லாமல் ஆகிவிட்டது. ரோடு பளிச்சென்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை மூட்டம் வந்தது. குளத்தைத் தாண்டியது. நிற்காமல் ரோட்டைக் கடந்து பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது. புல்லில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. மலைக்குப் பின்னாலிருந்து வெயில் கிளம்பியதும் நேராகக் கல்லின்மேல் விழுந்தது. ஒன்பது மணிக்குத் தம்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தான். "காஞ்சிருக்கும்மா" என்றான்.

அவனும் மருமகனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, ஆரோக்கியம் சார் படியிறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். அந்த நேரம் பார்த்துக் கேரட் பிடுங்கப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் ரோட்டில் வந்தார்கள். வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். நேற்றுவரை பச்சைச் சுவர் இருந்த இடத்தில் இன்று ஒரு குளமும் மனிதர்களும் தெரிந்தால் யார்தான் நிற்க மாட்டார்கள்?

வீட்டுக்குள்ளிருந்து டீச்சர் ஓடி வந்தார். கையில் கட்டிலில் இருந்து உருவிய போர்வை. குளத்தின் விளிம்பில் போய் நின்று, அதை இரண்டு கையாலும் விரித்து உயர்த்திப் பிடித்துக்கொண்டார். ரோட்டிலிருந்து பார்த்தால் இனி போர்வைதான் தெரியும்.

சார் கண்ணைத் திறந்தார்.

"டீச்சர்" என்றார். கேலி செய்யும்போது மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார். "தள்ளு. வெயில... மறைக்கிற."

பிசியோ தம்பிக்குச் சிரிப்பு பீறிட்டது. ரோட்டில் நின்ற ஒரு பெண், "சார், தண்ணி சூடா இருக்கா?" என்று உரக்கக் கேட்டாள். அவள் குரலில் பாவம் பார்க்கிற தொனி ஒன்றும் இல்லை. பனியில் நடந்து வந்தவளுக்குப் பொறாமைதான் இருந்தது. சார் இடது கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து அவளைப் பார்த்து ஆட்டினார். "சூடு... வாங்க" என்றார். பெண்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். நாளைக்கு வேன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார் மருமகன்.

டீச்சர் போர்வையை மெதுவாக இறக்கினார். அப்படியே அந்தக் காய்ந்த கல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் வந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அவருக்கு வெக்கமா இருக்கும்னு நெனச்சேன் மேடம்" என்றார். "எனக்குத்தான் இருந்திருக்கு. கூட இத்தன வருஷம் இருக்கேன், வேலி வேணுமான்னு அவரை ஒரு வார்த்தை கேக்கல."

"நானும் கேக்கல டீச்சர்" என்றேன். "அவரா வந்து சொன்னப்பவும் கேக்கல."

சார் எங்கள் இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. கம்பியை விட்டுவிட்டு, தண்ணீரில் வெயில் விழுந்த பக்கமாக, ஒவ்வோர் எட்டாக நடந்துகொண்டிருந்தார்.